ஆறு சதவீதம்

பதினெட்டு வருடம் வளைகுடாவில் பெட்ரோல் கார் ஓட்டியவன் நான். வேலையை விட்டுவிட்டு மேடவாக்கம் வந்து சேர்ந்தால், பள்ளி ஆசிரியையான என் மனைவி ஒரு மின்சாரக் காரை வாங்கி நிறுத்தியிருந்தாள். சத்தமே இல்லாமல், ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்றே தெரியாத அந்த வண்டியோடு எனக்குத் தினமும் சண்டை.

"அவ்ளோ பணம் இருக்கிற ஊர்லயே ஏன்ப்பா யாரும் இதை வாங்கல?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அந்த வெயிலில் பேட்டரி தாங்காது என்றேன். பாலைவனத்தில் நடுவழியில் எங்கே சார்ஜ் போடுவது, எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருப்பவனுக்கு இது எதற்கு என்றெல்லாம் வாய் கிழியப் பேசினேன்.

சொல்லாமல் விட்டது எங்கள் பழக்கத்தை. அங்கே கிளம்புவதற்கு அரை மணி முன்பே கீழே இறங்கி வண்டியைக் கிளப்பி, ஏசியைப் போட்டுவிட்டு மேலே வந்துவிடுவோம். குளித்துவிட்டுப் போனால் உள்ளே ஜில்லென்று இருக்கும். கடைக்குள் போனாலும் வண்டி வாசலில் ஓடிக்கொண்டே நிற்கும். எவ்வளவு எரிகிறது, எவ்வளவு மிச்சம் என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

மகளுக்குக் கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்றாள். பள்ளியில் அவள் பரிசு வாங்கியபோதும், கல்லூரியில் சேர்ந்தபோதும், பட்டம் வாங்கியபோதும் நான் இல்லை. அவள் அப்படிக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் குடியிருப்பில் சார்ஜர் வைப்பது பற்றி இன்னும் கூட்டம்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பதினாலு பர்சென்ட் இருக்குப்பா. போறதுக்குத் தாராளம். ஆபீஸ்ல சார்ஜர் இருக்கு, அங்க போட்டுக்கலாம்" என்று முந்தின நாள் மாலையே மகள் சொல்லியிருந்தாள்.

அவள் வியர்க்காமல் போய் இறங்கவேண்டும் என்று காலை ஏழு மணிக்கே வெயிலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுவிட்டு மேலே வந்தேன். அவள் மூன்று சுடிதார் மாற்றினாள். நான் குளித்து, சவரம் செய்து, பேப்பர் படித்தேன். கீழே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைவூட்ட அந்த வண்டிக்குச் சத்தம் ஏது? எட்டரைக்குக் கதவைத் திறந்தால் உள்ளே நல்ல குளிர். திரையில் ஆறு.

பெட்ரோல் வண்டியில் எண்ணெய் குறைந்து விளக்கு எரிந்த பிறகும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தைரியம்தான். அவள் ஏறுவதற்குள் திரையில் வரைபடத்தைக் கொண்டுவந்து அந்த எண்ணை மறைத்தேன்.

"எல்லாம் ஓகேவாப்பா?"

"நான் பாத்துக்கறேன்மா."

அப்போதே சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. வெட்கம் விடவில்லை. சித்தாலப்பாக்கத்தில் நெரிசல், பொன்மாரில் தண்ணி லாரி. மாம்பாக்கம் வருவதற்கு முன்பே வண்டி வேகம் குறைந்து, ஓரம் கட்டுவதற்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டு நின்றது.

பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா சார், வண்டி படுத்துக்கிச்சா?"

"ஏசியைக் காலைலயே போட்டுட்டேன்மா. அங்கே அப்படித்தான்..." என்று மகளிடம் ஆரம்பித்தேன். அவள் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தாள்.

"கேளம்பாக்கம் போகுமாண்ணா?"

"போவும், குந்தும்மா."

ஏறி உட்கார்ந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். துளிக் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவால்லப்பா, நானே போய்க்கிறேன். எனக்குப் பழக்கம்தானே."

ஆட்டோ போய்விட்டது. நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். குளிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உள்ளேயும் வெளியே இருந்த வெயிலே வந்தது.