விரிவுரைக்குப் போன ஜெனரேற்றர்

சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களில் எங்கள் தீவுக்குச் சாமான்களைவிடப் பேச்சாளர்கள்தான் அதிகம் வந்தார்கள். எந்தத் தீவு என்று எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வள்ளத்திலேயே சண்டைக்கு ஆள் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குறிகட்டுவான் துறையில் பஸ்ஸை விட்டிறங்கி, வள்ளம் ஏறி, முகத்தில் உப்புத்தண்ணீர் அடிக்க வரவேண்டிய இடம் என்பது போதும்.

சண்டை நின்று பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் படித்தவர்கள் வந்தார்கள். வாசிகசாலை மண்டபத்தில் தொடர் விரிவுரை வைத்தார்கள். மருத்துவம், கல்வி, தொழில்நுட்பம் எல்லாம் உலகத்தில் எங்கே போய்விட்டன என்று எங்களுக்குச் சொல்ல. முதலாவது விரிவுரை கணினிக் கல்வி. இனி எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம் என்றார் பேச வந்தவர். பகலில் எங்கள் தீவில் கரண்ட் இல்லை. பொழுதுபட்ட பிறகுதான் கொஞ்ச நேரம் விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரேயொரு கணினி அதிபரின் அறையில் துணி போர்த்தபடி இருந்தது.

"பிள்ளைப்பெத்த வீடு மாதிரி வச்சிருக்கினம். ஆரும் எட்டிப் பாக்கக்கூடாது" என்று அக்கா என் காதுக்குள் சொன்னாள். இரண்டு பேரும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பேச்சுக் கேட்க ஆசை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சத்தை வாசிகசாலைப் பேப்பரிலும் ஆட்களின் வாயிலும் படித்தவள். ஆர் பேச வந்தாலும் முன் வரிசையில் போய் இருப்பேன்.

இரண்டாவது விரிவுரை மருத்துவத்துக்கு. வெளிநாட்டில் பெரிய பெயரெடுத்த டொக்டர் ஒருவர் படம் காட்டிப் பேசப்போகிறார் என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். ஒழுங்கு செய்தவர் எங்கள் மாஸ்ரர். ஓய்வு பெற்ற ஆசிரியர். வாசிகசாலைக்குத் தலைவர், விளையாட்டுக் கழகத்துக்குக் காப்பாளர், ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கத்துக்கும் தலைவர். எங்கள் பக்கத்தில் சங்கங்கள் பல, தலைவர் ஒருவர். மாலை போடுகிறவருக்கு வேலை சுகம்.

விருந்தினருக்கு மத்தியானம் நண்டுக்கறி என்று மாஸ்ரர் முடிவு செய்தார். நண்டுக்கு அக்காவின் கைதான். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குசினியில் காலையிலேயே அடுப்பு மூட்டினோம். முதல்நாள் மழை. பனைமட்டை நனைந்து கிடந்தது. எரியாமல் புகைந்தது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மழைக்குளிர் பட்டாலும் புகை பட்டாலும் நெஞ்சு இழுக்கும்.

"நீ வெளியில இரு, நான் ஊதுறன்" என்றேன்.

"நீ ஊதினால் சாம்பல்தான் கறிக்குள்ள விழும். தேங்காயைத் திருவு" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேற்றர் இரையத் தொடங்கியது. மாஸ்ரர் எங்கேயோ வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. அக்கா மிளகாய் வறுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். மூச்சு உள்ளே போக விசில் மாதிரிச் சத்தம். உதடு நீலம் பாய்ந்தது.

மண்டபத்துக்குக் கதிரைகள் ஏற்றி வந்த லாண்ட்மாஸ்ரர், பெட்டி பூட்டிய சின்ன உழவு மெசின், வாசலில் நின்றது. அதன் பெட்டியில் அவளைக் கிடத்தாமல் இருத்தி, நான் முதுகைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய தூரமில்லை. அங்கே டொக்டர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வரவில்லை. தாதி மிஸ் ஒருவ மட்டும் இருந்தா. நல்ல மனுசி, தெற்கே சிங்கள ஊரிலிருந்து வந்து எங்கள் தமிழைப் பேசப் பழகியவ. ஊசி போட்டா. இழுப்பு நிற்கவில்லை. ஆவி பிடிக்கிற மெசினை மேசையில் எடுத்து வைத்தா. முகமூடியை அக்காவின் மூக்கில் பொருத்தினா. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

"போடுங்கோ மிஸ்!"

"என்னெண்டு போடுறது? கரண்ட் இல்லை."

"ஆஸ்பத்திரிக்கு ஜெனரேற்றர் இருக்குத்தானே?"

மிஸ்ஸின் கண் நிரம்பிவிட்டது. "மாஸ்ரர் மண்டபத்துக்குக் கொண்டு போட்டார், படம் காட்ட. வேண்டாம் எண்டு சொன்னனான். 'வாசிகசாலைத் தலைவர் கேக்கிறார், ஆஸ்பத்திரித் தலைவர் குடுக்கிறார், ரெண்டும் நான்தானே' எண்டு பகிடி விட்டார். 'ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள ஆர் மிஸ் சாகப்போகினம்?' எண்டும் கேட்டவர்."

அந்தக் கேள்விக்குப் பதில் என் மடியில் சாய்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தது.

லாண்ட்மாஸ்ரர்காரன் எங்களை இறக்கிவிட்டு விரிவுரை கேட்கத் திரும்பிப் போயிருந்தான். மிஸ்ஸின் சைக்கிளை எடுத்தேன். ஓடினேனா மிதித்தேனா தெரியாது. மண்டப வாசலில் இரண்டு பெண்கள் தட்டத்தோடு நின்றார்கள். சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. மூச்சு வாங்கிக்கொண்டு வந்த என் தலையில் பன்னீர் தெளித்துவிட்டார்கள்! "கற்கண்டு எடுங்கோ அக்கா, பிந்தினாலும் பரவாயில்லை" என்றாள் ஒருத்தி.

உள்ளே யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெள்ளைத் துணியில் படம். ஒரு நாட்டில் இருக்கிற டொக்டர், கடலுக்கு அப்பால் வேறொரு நாட்டில் கிடக்கிற நோயாளிக்கு மெசின் கையால் ஒப்பரேசன் செய்கிறாராம். "தூரம் என்பது இனி மருத்துவத்துக்கு ஒரு தடையே அல்ல" என்றார் பேச்சாளர். சனம் கைதட்டியது. மாஸ்ரர் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

மாஸ்ரரின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவருக்கு நான் குசினியில் இருந்து வந்தவள்.

"என்ன பிள்ளை, நண்டு முடிஞ்சுதோ?"

"மாஸ்ரர், அக்காவுக்கு முட்டு. ஆஸ்பத்திரியில கிடக்கிறா. ஜெனரேற்றர் வேணும்."

"ஓம் ஓம், ஒரு பத்து நிமிசம். டொக்டர் கடைசிப் படத்தில நிக்கிறார்."

"அக்கா கடைசி மூச்சில நிக்கிறா."

"மெதுவாய்க் கதையும். எங்கையிருந்து வந்த மனுசன், எழும்பி நிப்பாட்டெண்டு சொல்ல ஏலுமே? நன்றியுரையைச் சுருக்கச் சொல்லுறன்."

நன்றியுரையைச் சுருக்குவாராம். அந்த மனிதன் கெட்டவனில்லை. அதுதான் என்னால் தாங்க ஏலாதது. எங்கள் ஊரில் மேடையில் ஒருவர் பேசும்போது கூரை எரிந்தாலும் பேச்சு முடியும்வரை நாகரிகமாக இருப்போம். முன் வரிசையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. ஒரு கிழவர் கையால் "இரு பிள்ளை, இரு" என்று சைகை காட்டினார்.

நான் இருக்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போய், வேப்பமரத்தின் கீழே இரைந்துகொண்டிருந்த ஜெனரேற்றரை நிற்பாட்டினேன்.

உள்ளே படம் அணைந்தது. ஒருவரும் பதறவில்லை. கரண்ட் போவது எங்களுக்குப் புதினமா? இருட்டுக்குள் அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் சாக்கை இழுத்துக் கழற்றி, யன்னலுக்கு வெளியே நின்று கத்தினேன்.

"இது ஆஸ்பத்திரிச் சாமான்! அங்கை என்ர அக்கா மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறாள். மருந்தைப் பற்றிக் கேட்டது காணும், தூக்க வாங்கோ!"

அதற்குப் பிறகு எழும்பினார்கள். எங்கள் சனம் எழும்பினால் வேகம்தான். நாலைந்து பேர் சூட்டையும் பாராமல் தூக்கி லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றினார்கள். பேச வந்த டொக்டரும் சப்பாத்தோடு ஏறி என் பக்கத்தில் குந்தினார். "எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை?" என்று வழி முழுக்கக் கேட்டார். யன்னலுக்கு வெளியே இரைகிற ஜெனரேற்றர் எங்கேயிருந்து வந்தது என்று படம் காட்டத் தொடங்கியபோது அவரும் கேட்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் கை எனக்கு அப்போது தேவைப்பட்டது.

மெசின் உறுமியது. முகமூடிக்குள் புகை மாதிரி மருந்து வந்தது. டொக்டர் இன்னொரு ஊசி போட்டு, நாடியைப் பிடித்தபடி அக்காவின் பக்கத்திலேயே இருந்தார். மெல்ல மெல்ல விசில் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டு அழுதேன்.

அக்கா முகமூடியை ஒரு பக்கம் விலக்கிச் சொன்ன முதல் சொல்: "நண்டுக்கு உப்புப் போடேல்லை."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் மாஸ்ரர். அக்காவைப் பார்க்க வந்தாரென்று நினைத்தேன். அவர் மிஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டார்: "இனி அவ்வளவு அவசரமில்லைத்தானே? வள்ளம் வெளிக்கிட முன்னம் மிச்சப் படத்தைக் காட்டிப்போடலாம்."

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். அச்சில் வரக்கூடிய சொற்கள் அல்ல. மாஸ்ரர் மண்டபத்துக்குத் திரும்பிப் போனார், ஜெனரேற்றர் இல்லாமல்.

அந்த டொக்டர் யாழ்ப்பாணத்தில் அடுத்த கூட்டத்தில் எங்கள் கதையைச் சொன்னாராம். கேட்டுவிட்டு வந்த ஒருவர் சந்தோசமாகச் சொன்னார், "உங்கட அக்காவின்ர கதைக்குத்தான் அண்டைக்குக் கூடக் கைதட்டல்." என் அக்காவின் மூச்சுக்கும் கைதட்டி முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வந்தாரா என்றால், இல்லை.

மூன்றாவது விரிவுரை தொழில்நுட்பம். அறிவித்தல் ஒட்டிய அன்றே என் மனுசனின் வள்ளத்தில் இருந்த பழைய நங்கூரச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெனரேற்றரைச் சுற்றி, விறாந்தைத் தூணோடு சேர்த்துக் கட்டிப் பூட்டுப் போட்டு, திறப்பை மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். மாஸ்ரர் கேள்விப்பட்டு வந்தார்.

"பொதுச் சாமானைப் பூட்ட நீர் ஆர்?"

"பொது எண்டபடியாத்தான் பூட்டினனான். என்ரை எண்டால் இரவல் தந்திருப்பன்."

அன்றைய பேச்சாளர் படமில்லாமல், மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பேசினாராம். நான் போகவில்லை. அக்கா போனாள், கேட்க அல்ல, சமைக்க. மாஸ்ரர் வந்து கேட்டாராம், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். அவள் வெளிக்கிட்டு நின்றபோது நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"ஏன்டி கத்துறாய்? நான் உயிரோடதானே இருக்கிறன்" என்றாள்.

காய்ந்த பனைமட்டையாகப் பார்த்து ஒரு கட்டுக் கட்டி அவள் தலையில் ஏற்றிவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், கூட்டம் முடியும்வரை அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் இருந்தேன்.