சூடம் நிற்காத அறை

நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லக் கூப்பிட்டாலே அழுதுவிடுவேன். முந்திரிக் கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். எனக்கும் சேர்த்து என் ஓரகத்தி பேசிவிடுவாள். கொழுந்தன் பெண்டாட்டி, என்னைவிட இளையவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் நைட்ரஜன் மிஷின் வைத்தார்கள். பாக்கெட்டுக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் இருந்தால் பருப்பு காறிக் கெட்டுப்போகாதாம். மிஷினைப் பூட்ட வந்த மெக்கானிக்கிடம், "சிலிண்டர் எங்க தம்பி?" என்று கேட்டவளும் அவள்தான்.

"சிலிண்டரே வேணாங்க. இந்தக் காத்துலேருந்தே எடுத்துக்கிறோம்."

வெளிக்கொட்டகையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை இழுத்து அழுத்தும். உள் அறையில் நீளக் குழாய்கள். அவற்றுக்குள் தலைமயிர் மாதிரி நார்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் துளை. மெம்பரேன், சவ்வு மாதிரி என்றார் மெக்கானிக். காற்று அந்தத் துளையில் ஓடும்போது, நாம் மூச்சுக்கு இழுக்கிற ஆக்சிஜன் நாரின் தோல் வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். மிச்சமிருக்கிற நைட்ரஜன் டேங்கில் சேரும். எனக்குப் பாதிதான் புரிந்தது. "காத்தையும் சலிக்க ஆரம்பிச்சுட்டாய்ங்க, இனி தவிட்ட யாருக்கு ஊத்துவாய்ங்க?" என்று இவள் கேட்க, மெக்கானிக்கே சிரித்துவிட்டார்.

அந்த வருஷமே ஆயுதபூசை வந்தது. மிஷின் ஓடும்போதே சூடம் காட்ட வேண்டும் என்று முதலாளி சொன்னதால், விடிந்ததுமே ஓடவிட்டு அறையைச் சாத்தி வைத்திருந்தார்கள். பூசை நேரத்துக்குத்தான் திறந்தார்கள். நான் தாலி அறுத்தவள். தட்டைத் தொடாமல் கதவோரம் ஒதுங்கி நின்றேன். என் ஓரகத்தி தட்டோடு உள்ளே போனாள். மிஷின் பக்கம் போனதும் சூடம் அணைந்தது.

"மொத பூசையிலயே இப்படியா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"ஒண்ணுமில்ல, காத்து அடிக்குது" என்றார் சூப்பர்வைசர். "ஆத்தா, கதவச் சாத்துங்க. அக்கா உள்ளயே பத்தவைக்கட்டும்."

நானும் கதவில் கை வைத்துவிட்டேன். உள்ளே அவள் தீக்குச்சியை உரசினாள். குச்சியின் தலை சீறிவிட்டு அணைந்தது. அடுத்ததும் அப்படியே. மிஷினில் கட்டியிருந்த ஜிகினாத் தோரணம் துளிகூட ஆடவில்லை. காற்று அடித்தால் அது ஆட வேண்டாமா என்று தோன்றியது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அவள் அடுத்த குச்சியை எடுக்கப் பார்த்தாள்; விரல் பெட்டியைப் பிடிக்காமல் தடவிற்று.

"சாத்துங்க ஆத்தா, நல்ல நேரம் போகுதுல்ல!"

சூடம் அணைந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

"சாத்தமாட்டேன்! அவள வெளிய இழுங்க!" என்று கத்தினேன்.

"இது வேறயா" என்று முன்பு முணுமுணுத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் உள்ளே தட்டு விழுந்தது. என் ஓரகத்தியும் விழுந்தாள். சூப்பர்வைசர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். போட்டவர் தானும் தள்ளாடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் கிடந்த பிறகுதான் கண் திறந்தாள்.

டேங்குக்குப் போகிற குழாயின் இணைப்புப் பூட்டு விலகி, அறை முழுக்க நைட்ரஜன் நிரம்பியிருந்ததாம். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. "கதவு மட்டும் சாத்தியிருந்தா..." என்றார் வந்து பார்த்த மெக்கானிக். பிறகு அந்தக் கதவைக் கழற்றிவிட்டுக் கம்பிக்கதவு போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டேன். "மூச்சு முட்டலயாடி ஒனக்கு?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருந்துச்சு, தூக்கம் வார மாதிரி. எங்கிட்டோ யாரோ கத்துனாங்க. யாரு கொரலுன்னு தெரியல."

நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.