கட்டம் போட்ட தொப்பி

புனிதவதி இருக்கும் வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பச்சையும் சாம்பலுமாகக் கட்டம் போட்ட ஒரு தொப்பியைக் கொண்டைக்கு மேலே சரித்து வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் மகன் ஜதுர்சன் அவள் தோளில் கை போட்டு நிற்கிறான். பால் எடுக்க, தயிர் எடுக்க, கறிவேப்பிலை எடுக்க என்று எத்தனை தரம் அந்தக் கதவைத் திறந்தாலும் அவள் அந்தப் படத்தைப் பாராமல்தான் திறப்பாள்.

தொப்பி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது ஜதுர்சன் விளையாட்டாக வாங்கிவந்தது. ஆடி மாதத்தில் பிரித்தானியாப் பக்கம் கடற்கரைத் திடலொன்றில் நடக்கும் பெரிய கோல்ஃப் போட்டியில், கடைசி நாள் யார் வெல்வார் என்று சரியாகச் சொல்பவருக்கு அது சொந்தம். அடுத்த ஆடி வரைக்கும் பிறந்தநாளோ சாமத்திய வீடோ, குடும்பம் கூடும் இடமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். இரண்டு வருடமாக அது புனிதவதியின் தலையில் இருக்கிறது.

போட்டி ரொறன்ரோ நேரத்துக்குக் காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். ஆனால் அன்று காலை ஜதுர்சனும் அவனுடைய சிநேகிதன் றொய்சனும் தாங்களே பிக்கரிங் பக்கம் விளையாடப் போய்விடுவார்கள். அதனால் ஆட்டத்தைப் பதிவுசெய்து வைத்து, பின்னேரம் எல்லாரும் கூடியிருந்து, அப்போதுதான் நடப்பதுபோலப் பார்ப்பார்கள். உள்ளே கால் வைத்தவுடனேயே மருமகள் கோபிகா எல்லாருடைய போனையும் வாங்கிச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடிவிடுவாள். 'முடிவு தெரிஞ்ச கள்ளர் ஆரும் இருந்தா இப்பவே வெளியில போங்கோ' என்று றொய்சன் ஒவ்வொரு வருடமும் கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். வீரர்களின் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். செம்பட்டை, தாடி, நெட்டையன், கண்ணாடி.

புனிதவதி யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்தவள். ரொறன்ரோவின் வோபர்னில் ஒரு மாடிக் குடியிருப்பில் மகனை வளர்த்தாள். கணவர் மாரடைப்பில் போனபோது ஜதுர்சன் பள்ளிக்கூடம் முடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஞாயிறு காலை வேலையென்றால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், அவள் போவாள். மகன் படித்தான், கோபிகாவைக் கட்டினான், ரூஜில் புது வீடு வாங்கி அம்மாவையும் கூட்டிவந்தான். நல்ல பிள்ளை. அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒரே ஒரு வசனம். 'அம்மா, உங்களுக்கு உது விளங்காது.' வங்கிக் கடிதமோ, ஹீற்றரின் பொத்தானோ, செய்தியில் ஏதாவதோ, எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கோபமாகச் சொல்லமாட்டான். அன்பாகத்தான் சொல்வான். அதனால்தான் கூடுதலாகக் குத்தும்.

முதல் வருடம் நடந்தது அறியாமல் நடந்தது. இல்லத்தில் அவள் பார்க்கும் ஆட்களில் றிச்சர்ட் என்று ஒருவர், ஸ்கொட்லாந்தில் பிறந்த கிழவர், கோல்ஃப் பைத்தியம். அவருக்கு மதியச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு செம்பட்டைத் தலைக்காரன் வெள்ளிச் சாடியொன்றைத் தூக்கி முத்தமிட்டான். றிச்சர்ட் அழுதார். புனிதவதி அவருடைய கண்ணையும் வாயையும் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பின்னேரம் எல்லாரும் பெயர் சொல்லி முடிந்து, அவள் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்ததும், "அம்மா, நீங்களும் ஒண்டு சொல்லுங்கோவன்" என்று ஜதுர்சன் பகிடியாகக் கேட்டான். திரையில் அதே செம்பட்டை நின்றான். எங்கேயோ வேறு போட்டியில் வென்ற பொடியன்தானே என்று அவனைக் காட்டினாள். வீட்டில் ஓடுவது காலையில் நடந்த ஆட்டத்தின் பதிவு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னாலும் விளங்காது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் அதே செம்பட்டை, அதே சாடி, அதே முத்தம். அவளுக்கு விஷயம் விளங்கிய நேரத்தில் ஜதுர்சன் அவளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எப்பிடியம்மா? எப்பிடித் தெரியும்?"

தரையில் இறக்கிவிட்டதும் சொல்லியிருக்கலாம். மகன் அவளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தரம்.

"முகத்தைப் பாத்தன்" என்றாள்.

இரண்டாம் வருடத்துக்கு அப்படிச் சாட்டுச் சொல்ல முடியாது. ஒரு வேலையும் இல்லாமல் றிச்சர்ட்டின் அறையில் கடைசி அடி வரைக்கும் நின்று பார்த்தாள். பின்னேரம் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "தாடி" என்றாள். அந்த யோசித்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும். ஆனால் அதற்குப் பிறகு ஜதுர்சனுக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தபோது, எதை எடுப்பது என்று அவளிடம்தான் வந்து கேட்டான்.

இதில் அடிபட்டவர் ஒருவர் இருந்தார். கோபிகாவின் தகப்பன் சீனித்தம்பி. மட்டக்களப்பு ஆள், பேச்சுக்குப் பேச்சு 'கா' போடும் கல்லடிக்காரர், கார்ச் சாமான் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். மருமகனோடு கதைக்க ஏதாவது வேண்டுமே என்று கோல்ஃப் பார்க்கத் தொடங்கி, கடைசியில் மருமகனை விடவும் ஊறிப்போனார். போட்டி நடக்கும் கிழமை முழுக்க அந்தக் கரையின் காற்றையும் மழையையும் தேடித் தேடிப் பார்ப்பார். "லிங்ஸ் எண்டா கடலுக்கும் ஊருக்கும் நடுவில கிடக்கிற மணல் தரை கா" என்று புனிதவதிக்கும் ஒருமுறை விளங்கப்படுத்தினார். "மரம் இல்ல, மறைப்பு இல்ல. காத்து எவனுக்குப் பணியுதோ அவன்தான் வெல்லுவான்." அவளுக்கு விளங்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தொப்பி முதலில் அவருடைய தலையில்தான் இருந்தது.

இந்த ஆடி பிறந்ததும் கோபிகா வெங்காயம் வெட்டிக்கொண்டே சிரித்துச் சொன்னாள். "அப்பா இப்ப காத்துப் பாக்கிறதை விட்டிட்டார் மாமி. 'நான் கிழமைக்கணக்காப் படிச்சும் தெரியல்ல, அவவுக்கு முகத்தில தெரியுது, எனக்கு வயசு போயிற்று' எண்டு சொல்றார்."

புனிதவதி கத்தியைத் தான் வாங்கி மிச்ச வெங்காயத்தை வெட்டினாள். கண்ணீருக்குக் காரணம் இருந்தது.

இந்த வருடம் பார்ப்பதே இல்லை என்று முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை றிச்சர்ட்டின் அறைக்குள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். கிழவர் விடவில்லை. அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, பார், பார் என்று திருப்பினார். கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதன் வெள்ளிச் சாடியோடு நின்றான்.

பரவாயில்லை, பிழையான பெயரைச் சொல்லித் தோற்றுவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தாள். தொப்பி வேறு யாருக்காவது போகட்டும். யாருக்கும் எதையும் சொல்லவேண்டி வராது.

பின்னேரம் போன்கள் பானைக்குள் போயின. றொய்சன் வழமைபோலக் கள்ளர்களை வெளியே போகச் சொன்னான். பதிவை ஓடவிட முன்னர் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். றொய்சன் செம்பட்டை என்றான். ஜதுர்சன் முன்னுக்கு நிற்கும் நெட்டையனைப் பிடித்தான். கோபிகா, ஆள் வடிவு என்பதற்காகத் தாடியைச் சொன்னாள்.

சீனித்தம்பி தயங்கினார். "நான் சொன்னாச் சிரிப்பீங்க."

"சிரிக்கத்தானே மாமா கூப்பிட்டனாங்கள்" என்றான் ஜதுர்சன்.

"கண்ணாடி."

சிரித்தார்கள். "அங்கிள், அவன் எத்தனை அடி பின்னுக்கு நிக்கிறான் தெரியுமோ?" என்றான் றொய்சன். "கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாருங்கோ, அவனை இல்லை, உங்கடையை!"

"பின்னுக்குத்தான். ஆனா மத்தியானத்துக்குப் பிறகு காத்துக் கிளம்பும் தம்பி. நெட்டையன் பந்தை மேல ஏத்தி அடிக்கிறவன், காத்துத் தூக்கிக்கொண்டு போயிரும். கண்ணாடி பதிச்சு அடிக்கிறவன். பந்து புல்லோட ஓடும்." ஒரு கையைத் தட்டையாக விரித்துத் தரையோடு தரையாக நகர்த்திக் காட்டினார்.

அப்படியென்றால் மனுஷன் காற்றுப் பார்ப்பதை விடவில்லை! இரகசியமாகப் பார்த்திருக்கிறார். சரியாகவும் பார்த்திருக்கிறார். புனிதவதிக்குள் ஏதோ லேசானது. இனித் தான் எதையாவது உளறினால் போதும், தொப்பி உரிய இடத்துக்குப் போய்விடும்.

"அம்மா?" எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நெட்டையன்" என்றாள்.

"யெஸ்!" என்று ஜதுர்சன் கை தட்டினான்.

சீனித்தம்பி தலையை ஆட்டினார். "அப்ப நானும் நெட்டையன்தான். என்டதை மாத்திப் போடுங்க."

"அண்ணை, வேண்டாம்" என்றாள் புனிதவதி. குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது. "நீங்கள் முதல் சொன்னதையே வையுங்கோ."

"ரெண்டு வருசம் என்ட படிப்பை நம்பிக் கண்டது காணும் தங்கச்சி. உங்கட கண்ணை நம்புறன்."

"இல்லை அண்ணை, எனக்கு இந்தமுறை வடிவாத் தெரியேல்லை..."

"இந்தத் தன்னடக்கம்தான் அம்மாட்டைப் பிடிச்சது" என்று ஜதுர்சன் பதிவை ஓடவிட்டான்.

நண்டுக்கறியும் பாணும் கைமாறின. திரையில் கொடிகள் முதலில் சோம்பலாகக் கிடந்தன. பிறகு மெல்ல எழும்பி, கம்பத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு போவதுபோல அடித்தன. நெட்டையனின் பந்து வானத்துக்கு ஏறி, அங்கேயே யோசித்து, பக்கவாட்டில் இடுப்பளவு புல்லுக்குள் போய் விழுந்தது. கண்ணாடிக்காரனின் பந்து முயல் ஓடுவதுபோல நிலத்தோடு ஓடியது. சீனித்தம்பியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைப் புனிதவதி கண்டாள். தன்னுடைய பழைய கணிப்பு ஒவ்வொரு குழியாக நிறைவேறுவதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவளைத் திரும்பிப் பார்த்து, "கடைசியில நெட்டையன் எடுப்பான் கா, நீங்க சொன்னா நடக்கும்" என்று தைரியம் சொன்னார். அவள் பிய்த்த பாணைத் திரும்பத் தட்டில் வைத்தாள். இப்போது சொல், இப்போது சொல் என்று ஒவ்வொரு விளம்பரத்தின்போதும் நினைத்தாள். ஒவ்வொரு தரமும் மகனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினாள்.

கண்ணாடி வென்றான்.

"ஐயோ அப்பா!" என்று கோபிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "சொன்னீங்கள்! நீங்கள்தானே சொன்னீங்கள்!"

"வாயில வந்த லட்டைத் துப்பின ஒரே ஆள் அங்கிள்தான்" என்றான் றொய்சன்.

சீனித்தம்பியும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

கடைசிக் கணக்கில் ஒருவரும் கண்ணாடி என்று சொல்லவில்லை. ஆகவே சட்டப்படி தொப்பி பழைய ஆளுக்கே என்று றொய்சன் தீர்ப்புச் சொன்னான். ஜதுர்சன் அதைக் கொண்டுவந்து அம்மாவின் கொண்டைக்கு மேலே வைத்தான். "ஒருக்காத் தோத்தாலும் சாம்பியன் சாம்பியன்தான்" என்றான்.

சீனித்தம்பி நேரத்தோடு எழும்பிவிட்டார். மிஞ்சிய நண்டுக்கறியை ஐஸ்கிரீம் வாளியொன்றில் போட்டு எடுத்துக்கொண்டு புனிதவதி கார் வரைக்கும் போனாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அவர் காரில் ஏறி வாளியைப் பக்கத்து ஆசனத்தில் வைத்தார்.

"மனசை விட்டிராதீங்க தங்கச்சி" என்றார். "ஒருக்காப் பிழைக்கும்தான். எல்லாருக்கும் பிழைக்கும்."

அவர் தன்னைத் தேற்றுகிறார் என்பது அவளுக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது.

"அண்ணை, நான் காலமையே பாத்திட்டன்."

"என்னத்தை?"

"ஆட்டத்தை. வேலையில, ஒரு கிழவற்றை ரீவியில. போன வருசமும். அதுக்கு முதல் வருசமும்."

அவர் கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே இருந்தன. "அப்ப இண்டைக்குக் கண்ணாடிதான் எண்டு..."

"தெரியும்."

"மறுகா என்னத்துக்கு நெட்டையன் எண்ட நீங்க?"

"நீங்கள் வெல்லட்டும் எண்டு."

உள்ளே வைத்திருந்தபோது அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாகக் கேட்டது. சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதுபோல அவருக்கு விட்டுக்கொடுக்கப் பார்த்திருக்கிறாள். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்ப நான் பாத்தது சரி" என்றார் சீனித்தம்பி.

அவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கார்க் கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமும் நீங்க பாத்திட்டுச் சொன்னீங்க. நான் பாக்காமச் சொன்னன். அதில தோத்தா அது தோல்வியே இல்ல. இந்தமுறை நான் சொன்னது அப்பிடியே சரி. காத்து, பதிச்ச அடி, எல்லாம் சரி!"

காரை விட்டு இறங்கினார். கதவைச் சாத்தவும் நினைவில்லாமல், வயது போய்விட்டது என்று சொன்ன அந்த மனிதர், வாசற்படியை இரண்டிரண்டாகத் தாண்டி உள்ளே போனார்.

புனிதவதி கார்ப்பாதையில் நின்றாள். முன்னறையின் பெரிய ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. சப்பாத்தோடு தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்று அவர் பேசினார். கையைத் தட்டையாக விரித்து நிலத்தோடு நகர்த்திக் காட்டினார். பிறகு வெளிப்பக்கம் கை நீட்டினார். றொய்சனின் சிரிப்பு பாதியில் நின்றது. கோபிகா வாயில் கை வைத்தாள். ஜதுர்சன் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினான்.

முகம் பார்க்கத் தெரிந்தவள் என்று இரண்டு வருடம் பெயர் எடுத்தவள், அந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தாள்.

தொப்பியைக் கழற்றினாள். கொண்டையும் சேர்ந்து அவிழ்ந்தது. எங்கேயாவது நடந்து போய்விட்டு எல்லாரும் படுத்த பிறகு வரலாமா என்று ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் அது அவளும் இருக்கும் வீடு. சோறு போடவேண்டும், பானைக்குள் இருக்கும் போன்களை எடுத்துக் கொடுக்கவேண்டும். சீனித்தம்பியின் கார்க் கதவைச் சாத்தினாள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.