முப்பத்திரண்டாவது மேசை

காலண்டரின் ஆகஸ்ட் மாதத் தாளில் இருபத்தொன்பதாம் தேதியைச் சுற்றி லிண்டால்வா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். உள்ளே "என் மேசை" என்று எழுதினாள். ஓரத்து வெற்றிடத்தில் துக்குப்பிச் சாறு பன்னிரண்டு லிட்டர், காய்ந்த இறால் இரண்டு கிலோ, ஜம்பு கீரை பத்துக் கட்டு, சுரைக்குடுவை நாற்பது என்று பொடியாக எழுதி, தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் மறுபடி ஒட்டினாள். அன்றைக்கு அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. எழுத வேண்டியதையெல்லாம் எழுதிவிட்ட திருப்தியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

பெலெம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு என்றால் மேசை உண்டு. ஆய்வேட்டைப் படித்துக் கேள்வி கேட்க வரும் பேராசிரியர்களுக்கும், பார்க்க வரும் கூட்டத்துக்கும், பட்டம் வாங்கப் போகிறவர்தான் தன் செலவில் தின்பண்டமும் காப்பியும் வைக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் அது எழுதப்படவில்லை. ஆனாலும் மேசை போடாமல் அங்கே ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை. கையில் காசில்லாதவர்கள் மாமா, சித்தி என்று எல்லோரிடமும் வாங்கியாவது போட்டுவிடுவார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து அந்த மேசைகளைப் போட்டுக்கொடுத்துத்தான் லிண்டால்வா பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவள் சொந்த ஊரான அபயத்தெதூபாவில் ஒன்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைத்தாள். நிரந்தர வேலை. பகலில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு, மாலையில் கல்லூரி. அப்படியே வேதியியலில் ஒரு பட்டம், மேலே இன்னொரு பட்டம். முனைவர் படிப்புக்கு இடமும் அரசு உதவித்தொகையும் கிடைத்தபோது, உதவித்தொகை வாங்குகிறவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டார்கள். ஊராட்சி விடுப்புத் தர மறுத்தது. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் படகேறினாள்.

படகுத்துறைக்கு வந்த அவளுடைய அண்ணன், "நிரந்தர வேலய விட்டுட்டு நாலு வருசக் கூலிக்குப் போற. நீ படிச்சவளா, நான் படிச்சவனான்னே தெரியல," என்றான். அவள் பையில் இருந்த பாதி ரொட்டியை அவனிடம் கொடுத்தாள்.

அந்தக் கையெழுத்தை அவள் வைத்துக் காப்பாற்றிய விதத்தைப் பற்றித் தெருவில் இன்றும் பேசுவார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் அவள் ஒரு கேக்கைக்கூட விற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேட்டபோது செய்துகொடுத்தாள், பணத்தைத் திருப்பிக்கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரி, தன்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டாள் போலும் என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆய்வுக்கூடத்துத் தோழிகளில் பலர் ரகசியமாக டியூஷன் எடுத்தார்கள், வாரக்கடைசியில் காசுக்கு நகம் திருத்தி வண்ணம் தீட்டினார்கள். லிண்டால்வா யாரையும் குறை சொன்னதில்லை. வாடகைக்குப் பின் மிஞ்சியதில் அரிசியும் அவரைப் பயறும் வாங்கி, சோற்று டப்பாவைக் கட்டிக்கொண்டு முதல் பேருந்தில் போய்விடுவாள்.

அவளுடைய ஆய்வு துக்குப்பியைப் பற்றியது. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்தால் வரும் மஞ்சள் சாறு அது. பச்சையாகக் குடித்தால் விஷம். புளிக்க வைத்துக் கொதிக்க வைத்தால் ஊரே குடுவை ஏந்தி நிற்கும். தெருவில் விற்கிறவர்கள் அதை எவ்வளவு நேரம் வேகவிடுகிறார்கள், எவ்வளவு விஷம் மிச்சம் இருக்கிறது என்று அவள் அளந்தாள். பன்னிரண்டு பேரிடம் சாறு வாங்கினாள். பெயரை வெளியிட மாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டாள். எந்த எண் யாருடையது என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களில், பல்கலைக்கழக வாசலில் தள்ளுவண்டியில் அந்தச் சாறு விற்கும் ஒஸ்காரினா மட்டும் விடாமல் கேட்பாள்: "ஏ தங்கச்சி, நான் எத்தனாம் நம்பரு? பாசா, பெயிலா?" லிண்டால்வா சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கவிடச் சொல்லிவிட்டு நகர்வாள். பன்னிரண்டு பேரிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் ஆண்டு மின்சாரம் போய், உறைபெட்டியில் இருந்த மழைக்கால மாதிரிகள் அத்தனையும் கெட்டன. அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்து மறுபடி சேர்த்தாள். அதனால் உதவித்தொகை முடிந்த மாதத்தில் ஆய்வேடு பாதியில் நின்றது. பணமில்லாமல் இன்னும் ஆறு மாதம் தருவார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் தேர்வுக்கு நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். வேலையும் போய், பட்டமும் போய், நான்கரை ஆண்டும் போய் அதே படகில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உதவித்தொகையோடு கையெழுத்தின் கட்டும் முடிந்துவிட்டதால், ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தியின் தேர்வுக்கு முதல் மேசை போட்டாள். கோழி உருண்டை, மரவள்ளி கேக், குப்புவாசுப் பழ இனிப்பு. அதைத் தின்ற இன்னொருத்தி தன்னுடையதற்குக் கேட்டாள். மே மாதத்தில், லிண்டால்வா எந்த நாள் ஓய்வாக இருக்கிறாள் என்று பார்த்துத் தேர்வுத் தேதி குறிக்கத் தொடங்கினார்கள். விடியலில் உருட்டுவாள், பொரிப்பாள், பத்து மணிக்கு மேசை விரிப்பாள், மதியத்துக்குமேல் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவாள். விரல்களில் எண்ணெய் வாடை போகாததால் காகிதத்தைத் தொடுமுன் எலுமிச்சை தேய்த்துக் கழுவுவாள்.

மேசைக்குப் பின்னால் நிற்கிற நேரத்தை அவள் வீணாக்கவில்லை. எந்தத் தேர்வாளர் எந்த இடத்தில் பிடிப்பார் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருவர் அட்டவணைகளைக் கூட்டிப் பார்ப்பார். ஒருவர் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்கவே மாட்டார். பேராசிரியர் ஆல்டெமிர் பக்கம் பக்கமாகப் போவார், ஒரு கமாவை விடமாட்டார், இரண்டு மணி நேரம் பேசினாலும் தண்ணீர் குடிக்க மாட்டார். அவரை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்பதைப் பத்துப் பன்னிரண்டு தேர்வுகளுக்குப் பிறகு அவள் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி, ஆய்வேட்டுப் பிரதிகளைக் கட்டிக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே முப்பது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வால்டோமிரு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தேர்வு என்னைக்கு?"

"இருபத்தொம்பது அண்ணே. எப்பவும் வைக்கிற ரூம்லதான்."

அவர் பதிவு நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "இதுல உன் பேரு எங்க இருக்கு, காட்டு."

அவள் பார்த்தாள். மாதக் கடைசி வரை காலை, மாலை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு பெயரும் அவளுக்குத் தெரிந்ததுதான். பதினெட்டாம் தேதிப் பெயருக்குக் கோழி உருண்டை நூற்றைம்பது. இருபத்தோராம் தேதி சர்க்கரை சேர்க்காத கேக். இருபத்தொன்பது காலை தாலிஸ், காப்பியும் மூன்று வகை கேக்கும். எல்லோருடைய மேசையையும் அவள் எழுதி வைத்திருந்தாள். தன்னுடையதையும் எழுதியிருந்தாள், சமையலறைக் காலண்டரில். அறை வேண்டும் என்று இங்கே வந்து சொல்ல மட்டும் மறந்துபோயிருந்தாள்.

"பன்னெண்டு லிட்டர் சாறுக்கு ஏற்பாடு பண்ணவ, பரிச்சைக்கு ரூமு கேக்க மறந்துட்டியா?" வால்டோமிரு சிரிக்கவில்லை. "இந்த நாக்காலில உக்காந்து நான் பாக்காத கூத்தில்ல. இது புதுசு."

வேறு யாரையாவது தேதி மாற்றிக்கொள்ளச் சொல்லும்படி அவர் யோசனை சொன்னார். எல்லோருக்கும் அவள்தானே மேசை போடுகிறாள், மாட்டேன் என்றா சொல்வார்கள் என்றார். அவள் நோட்டை மறுபடி பார்த்தாள். இவளுடைய தேர்வாளர் வெளியூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டார். இவனுக்கு அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும். இவள் எட்டு மாதக் கர்ப்பிணி. ஒருவரையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"மத்தியானம் ஏதாச்சும் காலி இருக்கா அண்ணே?"

"அதே வெள்ளிக்கிழம பன்னெண்டரைலருந்து மூணு வரைக்கும் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல எவன் வப்பான்? பசியில இருக்கிற வாத்தியாரு பொல்லாதவன்."

"அதையே போடுங்க."

வெள்ளிக்கிழமை காலை அவள் இரண்டு சுமையோடு வந்தாள். முன்னால் தாலிஸின் கேக்குகள். அறையின் கடைசி மூலையில், மின்னடுப்பின் மேல், வாயைத் துணியால் கட்டிய பெரிய பாத்திரத்தில் அவளுடைய துக்குப்பி. தாலிஸின் அம்மா, அத்தைகள், மாமாக்கள் என்று முப்பது பேர் வந்திருந்தார்கள். கேள்வி கேட்டவர் ஆல்டெமிர்.

பன்னிரண்டரை ஆனது. அவர் எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தார். ஆய்வேடு நூற்று அறுபது பக்கம். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் லிண்டால்வாவின் நெறியாளர் நொயேமியாவும், மக்காப்பா நகரத்திலிருந்து விமானத்தில் வந்திருந்த தேர்வாளர் இரானெய்டியும் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு எண்பத்தொன்பதாம் பக்கம். மூன்று மணிக்குத் துறைக் கூட்டத்துக்கு அறையை விட்டாக வேண்டும். இரண்டு மணி நேரம்கூட இல்லாத தேர்வைத் துறை ஏற்காது. திங்கட்கிழமை செப்டம்பர்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்ற லிண்டால்வா குனிந்தாள். அடுப்பைக் கூட்டினாள். துணியின் முடிச்சை அவிழ்த்து, மூடியை ஒரு கை அகலம் நகர்த்தினாள்.

குளிர்சாதன அறை. சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புளிப்பும் பூண்டும் கீரையும் கலந்த அந்த ஆவி முதலில் கடைசி வரிசை அத்தைகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது, பிறகு மாமாக்களை. தேர்வாளர் மேசையை அது எட்டியபோது ஆல்டெமிர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மூக்கை லேசாகத் தூக்கினார். கட்டைவிரலால் மீதிப் பக்கங்களைப் புரட்டினார்.

"மத்ததெல்லாம் சின்னச் சின்ன விசயம். எழுதித் தந்துடறேன்," என்று ஆய்வேட்டை மூடினார்.

தேர்வாளர்கள் தனியாகக் கலந்து முடிவு சொல்ல நான்கு நிமிடம்தான் ஆயிற்று. தாலிஸுக்குப் பட்டம் கிடைத்தது, குடும்பம் கைதட்டியது. அந்தச் சாறும் தங்கள் மேசையைச் சேர்ந்தது என்று நினைத்த மாமாக்கள் இரண்டு பேர், பாத்திரத்தை ஆளுக்கொரு காதாகப் பிடித்து நடைபாதைக்குத் தூக்கிப்போனார்கள். லிண்டால்வா தடுக்க வாயெடுத்தாள். அறை காலியாகிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஒன்று அடிக்க ஐந்து நிமிடம். ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, கணினியைச் செருகினாள்.

முப்பத்தோரு தேர்வுகளைக் கேட்டவளுக்கு எந்தக் கேள்வியும் புதிதில்லை. அட்டவணையைக் கூட்டுகிறவருக்கு முன்னதாகவே கூட்டுத்தொகையைச் சொன்னாள். கெட்டுப்போன மாதிரிகளை அவளே எடுத்துச் சொன்னாள், யாரும் கேட்பதற்கு முன். குரல் சன்னமாகத்தான் இருந்தது; ஆனால் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. ஆல்டெமிர் அவளுடைய தேர்வாளர் இல்லை. ஆனாலும் காலிக் குடுவையைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

கடைசியாகப் பேசிய இரானெய்டி, ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைத் திறந்தார். பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயரை அங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பது விதி. அந்த வாக்கியம் இருந்தது. அதற்குக் கீழே "மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்கள்" என்று போட்டு, வரிசையாகப் பெயர்கள். மூன்று வாரத்துக்கு முன்பே அச்சான பக்கத்தில் தாலிஸின் பெயரும் முன்கூட்டியே இருந்தது.

"இது யாருங்க, முப்பத்தோரு பேரு?" என்றார் இரானெய்டி. "கிண்டலா?"

"இல்ல மேடம். நாலு வருசம் அரசாங்கம் குடுத்துச்சு, அதுக்கு அவங்க பேரு. ஆறு மாசம் இவங்க குடுத்தாங்க. இவங்க மேசை போட்ட காசுலதான் நான் சாப்பிட்டேன், எழுதினேன்."

இரானெய்டி அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், உரக்கப் படித்தார். பிறகு கேள்வி எதுவும் இல்லை என்றார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பட்டம் என்று அறிவித்தார்கள். கைதட்டி முடித்ததும் எல்லோரும் வழக்கப்படி பின்பக்கம் திரும்பினார்கள். மேசையில் ஒன்றும் இல்லை. நடைபாதையிலிருந்து திரும்பி வந்த பாத்திரத்தில் அடியில் ஒட்டிய ஜம்பு இலை மட்டும் இருந்தது. வால்டோமிரு வாசலில் நின்று, இந்தத் துறையில் மேசை இல்லாமல் வந்த முதல் டாக்டர் என்று நோட்டில் எழுதிவைக்கப் போவதாகச் சொன்னார். சிரிப்பில் இறுக்கம் கலைந்தது.

வெளியே மழை பிடித்தது. ஓய்ந்தபின் எல்லோருமாக வாசலுக்கு நடந்தார்கள். ஒஸ்காரினா அப்போதுதான் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் குடுவையை நிரப்பி, இறாலை இரட்டிப்பாகப் போட்டு லிண்டால்வாவிடம் நீட்டினாள். நொயேமியா எடுத்த பணத்தைத் தள்ளிவிட்டாள்.

"தங்கச்சி, இப்ப டாக்டராயிட்ட. இனியாவது சொல்லு. நான் எத்தனாம் நம்பரு?"

"அத சொல்லக் கூடாதுக்கா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நம்பரு வேணாம். பாசா, பெயிலா?"

லிண்டால்வா குடுவையை இரண்டு கையாலும் ஏந்தி, ஊதி ஊதி, ஜம்பு கீரையில் நாக்கு மரத்துப்போகும் வரை குடித்தாள். இறாலைத் தின்றாள், கீரையைத் தின்றாள். அடியில் மிஞ்சியிருந்த கடைசி மடக்கையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, காலிக் குடுவையை ஒஸ்காரினாவிடம் திருப்பிக்கொடுத்தாள்.

ஒஸ்காரினா குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த குடுவையை நிரப்பிக்கொண்டே, வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவினாள்: "வாங்க, வாங்க, டாக்டரே மிச்சம் வைக்காம குடிச்சிட்டாங்க."