பதில்கள்: 0

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. அதற்கு எனக்குத் தெம்பில்லை. பேய்க் கதை என்றால் நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இங்கே கிடையாது. விளக்கேற்றுகிற நேரம், வலியசாலையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, ஒரு பழைய லேப்டாப். அவ்வளவுதான். ஆனாலும் இதை எழுதும்போது பின்பக்கக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ராஜஸ்ரீ. என்ன வேலை என்று யாராவது கேட்டால், படிக்கிற வேலை என்பேன். வீட்டு ரிப்பேர் பற்றித் தமிழில் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற ஒரு இணைய மன்றம். மோட்டார் ஏன் உறுமுகிறது, சுவரில் ஏன் ஈரம், சிங்க் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது... உலகத்தில் உள்ள அத்தனை தமிழர் வீட்டிலும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆபீஸ் ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற இடத்தில். நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். என் ஷிஃப்டில் மட்டும் நூற்றுக்கணக்கில் விவாதங்கள் வரும். அத்தனையும் படிக்க மனுஷியால் ஆகாது. எதைப் படிப்பது என்று பொறுக்கி, அதில் நல்லதை முகப்புக்கு அனுப்ப வேண்டும். மற்றதற்கெல்லாம் ‘ஒதுக்கு’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. ஒருமுறை அமுக்கினால் அந்த ஷிஃப்ட் முடியும்வரை அது திரும்பி வராது.

எப்படிப் பொறுக்குவது? தலைப்புக்குக் கீழே பதில்களின் எண்ணிக்கை இருக்கும். எங்கள் டீமில் எல்லாரும் பார்ப்பது அதைத்தான். கூட்டம் இருக்கிற ஹோட்டலுக்குத்தானே நாமும் சாப்பிடப் போவோம். எழுபது பதில் வந்திருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது: சரக்கு, இல்லாவிட்டால் சண்டை. ‘பதில்கள்: 0’ என்றால் திறப்பதே இல்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பதில் வர வர விவாதம் மேலே ஏறும். பதில் வராதது அடியில் போய்விடும். அடியில் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை, யாரும் பார்க்காததற்குப் பதிலும் வருவதில்லை. அதன் ஆயுசு அவ்வளவுதான்.

ஜூன் மாதம். இடவப்பாதி என்று இங்கே சொல்கிற தென்மேற்குப் பருவமழை மூன்று நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு வேலை கொச்சியில், சனிக்கிழமைதான் வருவார். எனக்குக் கண் எரிச்சல், கழுத்து வலி, காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணக்கூடச் சோம்பல். மகள் விஷ்ணுப்ரியா ட்யூஷனிலிருந்து சொட்டச் சொட்ட வந்தாள்.

“தலையைத் துவட்டிக்கோடீ.”

“நன்னா நனைஞ்சுட்டேன்மா. சூடு வெள்ளத்துல குளிச்சுட்டு வரேன்.”

“சீக்கிரம் வா. தோசை வார்க்கணும்.”

எங்கள் வீடு அக்ரஹாரத்து வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். குளியலறை பின்கட்டில், தகரம் போட்ட முற்றத்தைத் தாண்டி. கரண்ட் போனாலும் வெந்நீர் கிடைக்கட்டும் என்று போன மாதம்தான் அதற்குள்ளே கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தோம். சாரல் அடிக்கிறது என்று குளியலறையில் இருந்த ஒரே சின்ன ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்திருந்தோம்.

அவள் உள்ளே போகும்போது மணி 5:55. எப்படித் தெரியும் என்றால், லேப்டாப் மூலையில் நேரம் தெரிந்துகொண்டே இருக்கும். எனக்கு அதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். டைல்ஸ் விரிசல், நாற்பது பதில். வைத்துக்கொண்டேன். கரையான், நூற்றுப் பன்னிரண்டு பதில். கண்டிப்பாகச் சண்டை. வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்தது இது.

‘ஹீட்டர் போட்டுக் குளித்தால் தலை சுற்றுகிறது. ஏன்?’

எழுதியவர்: ஷிஜா. பதில்கள்: 0.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை இங்கே வந்து கேட்கிறார்களே என்று அலுத்துக்கொண்டு ‘ஒதுக்கு’ அமுக்கினேன். போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. இன்வெர்ட்டர் இருந்ததால் நெட் போகவில்லை. ஆனால் மேஜைக்கு மேலே ஒரு பல்ப் மட்டும்தான். வீட்டின் பின்பாதி முழுக்க இருட்டு.

மழை வலுத்தது. பின்கட்டிலிருந்து ஒரு சத்தம்.

டக்... டக் டக்.

தகரத்தில் மழை அடிக்கிறது என்று நினைத்தேன்.

திரையைப் பார்த்தால் ஷிஜா மறுபடி வந்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே. பதில் இல்லாத விவாதம் மேலே வர வழியே இல்லை. சாஃப்ட்வேருக்கும் என்னை மாதிரி அலுத்துவிட்டது போல. திரும்ப ஒதுக்கினேன்.

டக்... டக் டக்.

இன்னும் இரண்டு விவாதம் போயிருக்கும். மறுபடி மேலே அவள் பெயர். இந்த முறை தலைப்பு வேறு.

‘மழைக்காக ஜன்னலை அடைத்திருக்கிறோம்.’

பதில்கள்: 0.

எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. யாரும் கண்டுகொள்ளாவிட்டால் சிலர் இப்படித்தான் தலைப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள். விடாக்கண்டி ஒருத்தி மாட்டிக்கொண்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒதுக்கினேன்.

மணி 6:12.

எனக்கு அடுத்ததைப் படிக்கவே பிடிக்கவில்லை. கண்ணை மூடி இரண்டு நிமிஷம் மேஜையில் தலை சாய்த்தேன். அந்தத் தட்டல் மட்டும் விடவில்லை. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. மழை இப்படியா அடிக்கும் என்று அரைத்தூக்கத்தில் ஒரு யோசனை வந்து போனது.

நிமிர்ந்தேன்.

‘தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கிறது.’

எழுதியவர்: ஷிஜா.

விரல் பழக்கத்தில் ‘ஒதுக்கு’ பட்டனுக்குப் போய்விட்டது. அமுக்கியும் விட்டேன்.

திரை ஒரு கணம் வெறுமையானது. நூற்றுக்கணக்கில் இருந்த விவாதங்கள் ஒன்றுமே இல்லை... ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது.

‘உங்கள் வீட்டிலும்தானே?’

காதைத் தீட்டினேன்.

மழைக்குப் பின்னால்... பின்கட்டில்... குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பக்கெட் நிறைந்து வழிகிற சத்தம். வேறு எதுவும் இல்லை. பாடிக்கொண்டே குளிக்கிற பெண் என் மகள்.

“ப்ரியா!”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மொபைலில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடினேன். முற்றத்தில் வழுக்கி முட்டி தேய்ந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“ப்ரியா! கதவைத் திறடீ!”

டக்... டக் டக்.

உள்ளே இருந்து. கதவிலேயே.

எனக்குப் போன உயிர் வந்தது. “தட்டிண்டே நிக்கறயே, தாழைத் திறக்கப்படாதா?” என்று கத்தினேன். கத்தும்போது என் உள்ளங்கை கதவின்மேல் இருந்தது. மறுபடி தட்டியது. மரத்தின் அதிர்வு என் கையில் பட்டது.

டக்... டக் டக்.

“ப்ரியா?”

டக்...

தாழ் திறக்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மஹேஷ் சுவரேறிக் குதித்து வந்தான். “மாமி, மாறி நில்லுங்கோ” என்றான். மூன்றாவது உதையில் தாழ் பெயர்ந்தது.

கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

ப்ரியா எதிர்ச் சுவரோரம் கிடந்தாள். நைட்டி போட்டிருந்தாள். உதடு ஒரு மாதிரிச் சிவந்திருந்தது. ஹீட்டரில் தீ நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவள் கை நீட்டினாலும் கதவு எட்டாது.

மஹேஷ்தான் அவளைத் தூக்கி மழையில் போட்டான். அவன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிழக்கேகோட்டை ட்ராஃபிக்கில் ஹார்னை அமுக்கிய கையை அவன் எடுக்கவே இல்லை. நான் பின்சீட்டில் அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். திட்டவும் திட்டினேன்.

பிழைத்துவிட்டாள். அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தவிக்க வேண்டாம்.

ஆக்சிஜன் வைத்துக் கண் விழிக்க இரவாகிவிட்டது. மூடின அறையில் கேஸ் எரிந்தால் விஷவாயு சேரும், அதற்கு வாசனை கிடையாது, யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். கதவை உடைத்தபோதே அவள் மயங்கிப் பத்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும் என்றும் சொன்னார்.

“கதவைத் தட்டினயே, குழந்தே?” என்று கேட்டேன்.

“நானா? தலை சுத்தித்து. உக்காந்தேன். அவ்ளோதாம்மா ஓர்மை இருக்கு.”

மறுநாள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஷிஜாவின் விவாதம் அப்படியே நின்றது. பழைய தலைப்போடு, தலை சுற்றுகிறது, ஏன் என்று. முதல்முறையாக உள்ளே போய்ப் படித்தேன். நாலே வரி. வாடகை வீடு, குளியலறையில் கேஸ் ஹீட்டர், மழைக்காக ஜன்னலை அடைத்திருக்கிறோம், இரண்டு நாளாகத் தலை சுற்றல், யாராவது சொல்லுங்களேன் ப்ளீஸ். தேதியைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முந்தைய ஜூன்.

பார்த்தவர்கள்: 0.

அழுதுகொண்டே பதில் எழுதினேன். ‘ஹீட்டரை அணைத்துவிடு. ஜன்னலைத் திற. இனி அதைப் போடவே போடாதே, கண்ணே.’ வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பினேன். 0 என்பது 1 ஆனது.

ஆபீஸில் டெக்னிகல் வேலையெல்லாம் பார்ப்பவன் சஜி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சேச்சி, அது பழைய போஸ்ட் அல்லே. க்யூவில வராது. சான்ஸே இல்லா.”

“தலைப்பு மாறி மாறி வந்ததே, சஜி?”

“ஒரு தடவைகூட எடிட் ஆகல்ல சேச்சி. சேச்சி கொஞ்சம் உறங்கணும்.”

உறங்கத்தான் எனக்கும் ஆசை.

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். அந்த ஷிஜாவின் கணக்கில் பதிந்திருந்த நம்பரிலிருந்து ஒருவர் ஆபீஸுக்கு போன் செய்தாராம். பதில் எழுதினவரோடு பேச வேண்டுமாம். நம்பரைக் கொடுத்தான். முற்றத்தில் நின்றபடி பேசினேன். அன்றும் மழை.

“வணக்கம்மா. எம்பேரு ஆறுமுகநயினார். பழவங்காடி பக்கம் ஹோட்டல்ல சமையல் வேல பாக்கேன். உங்க கேள்விக்குப் பதில் வந்திருக்குன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. எங்கிட்ட ஏது கேள்வி? தொறந்து பாத்தா... எம்மவ எழுதுனது. எம்போன்ல இருந்து எழுதிருக்கா. எனக்கு இத்தன வருஷமாத் தெரியாது.”

“ஷிஜா இப்போ...”

“அத எழுதுன மறுநாளே போய்ட்டாம்மா. பாத்ரூமுக்குள்ளயே.”

அவரே பேசினார். இங்கே நடந்தது எதையும் நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ப்ரியாவைப் பற்றி, கதவைப் பற்றி, அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“குளிக்கப் போனா துண்ட மறந்துட்டுத்தாம்மா போவா, கழுத. உள்ள இருந்து கதவத் தட்டுவா. மொதல்ல ஒண்ணு. பொறவு ரெண்டு. அது அவளுக்கு ஒரு வழக்கம். அன்னைக்கும் தட்டிருக்கா... வெரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சிருந்துச்சு. நான் வேலைக்குப் போய்ட்டேன். அவ அம்மாதான் வீட்டுல இருந்தா. சத்தம் அவளுக்குக் கேட்டுருக்கு.”

போனில் அவர் பக்கத்து மழைச் சத்தமும் கேட்டது.

“தகரத்துல மழ அடிக்குன்னு நெனச்சிட்டாம்மா.”