மாராவிலிருந்து செரெங்கெட்டிக்கு

எண்பதுகளின் பிற்பகுதியில், ஓர் ஆகஸ்டு மாதத்தில் நடந்தது இது. நானும் கணவரும் அப்போது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கட்டடங்கள் நிறைந்த அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசித்தோம். அவர் ஒரு மருந்து நிறுவனத்தில் பொறியாளர். கோடை வந்துவிட்டால் தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்ப்பதில் அவருக்கு அளவற்ற ஆசை. அதிலும் ஒரு கொள்கை வைத்திருந்தார்: ஒரு பயணத்தில் ஒரே பூங்காவைப் பார்த்துத் திரும்புவது வீண். யெல்லோஸ்டோனுக்குப் போனால் அதன் தெற்கே ஒட்டிக் கிடக்கும் கிராண்ட் டீட்டனையும் பார்த்துவிட வேண்டும். சயனுக்குப் போனால் பிரைஸ் கன்யனை விட்டுவிட்டு வரக்கூடாது. பயண முகவர்களை அவர் நம்புவதில்லை. ஒரு வரைபடமும் வாடகைக் காரும் இருந்தால் போதும் என்பார்.

அந்த ஆண்டு அவருடைய ஆசை ஆப்பிரிக்கா வரை நீண்டது. கென்யாவின் மசாய் மாராவைப் பார்க்கப் போகலாம் என்றார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். மாராவின் தென்னெல்லையிலேயே தன்சானியாவின் செரெங்கெட்டி தொடங்கியது. செரெங்கெட்டிக்கு மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில், ம்வான்சா என்ற ஊர். அங்கேதான் என் அக்கா இருந்தார்.

அத்தான் அந்த ஊரில் ஒரு பாடசாலையின் அதிபர். யாழ்ப்பாணத்திலிருந்து அவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் நாங்கள் அமெரிக்காவுக்கும் பிரிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முந்தைய ஆண்டு ஊரில் அப்பா இறந்தார். போரால் பாதைகள் மூடப்பட்டு, யாரும் ஊருக்குப் போக முடியாதிருந்த காலம் அது. எனக்குத் தந்தி வந்து சேர்ந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. அக்காவுக்கு அதனினும் தாமதம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மரணத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினர் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது, எங்கே, எப்போது என்று பாராமல், கட்டிப்பிடித்து வாய்விட்டு அழுவார்கள். அதற்கு மாதங்கள் கடந்திருந்தாலும் விலக்கில்லை. அப்படி அழுதால்தான் அந்தச் சாவு நடந்ததாகவே மனம் ஒப்புக்கொள்ளும். எனக்கு அழ ஆளில்லை. கணவர் ஆறுதல் சொன்னார். நண்பர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அதன்பின் என்னால் ஓரிடத்தில் அமர முடியவில்லை. சமையலின் நடுவே அடுப்பை அணைத்துவிட்டு வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி நடப்பேன். அக்காவை ஒருமுறை பிடித்துக்கொண்டு அழுதால் போதும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நேரே ம்வான்சாவுக்கே போய்விடலாம் என்றேன். கணவருக்கு இரண்டு வார விடுமுறைதான். வரைபடத்தை விரித்து விரலால் கோடிழுத்தார்.

"இஞ்ச பாரும், இது மாரா. இந்தக் கோட்டுக்கு அங்கால செரெங்கெட்டி. அதே புல்லு, அதே மிருகம். உம்மட கொக்காவை இந்தப் பக்கம் வரச்சொல்லும். ரெண்டு பார்க்கும் பாத்தமாதிரியும் போச்சு, கொக்காவைக் கண்டமாதிரியும் போச்சு."

"கோடெண்டால் வேற நாடெல்லே?"

"விசா எடுத்தாச்சுதானே. இஞ்சயிருந்து பக்கத்து ஸ்டேட் பென்சில்வேனியாவுக்குப் போறமாதிரித்தான். 'வெல்கம்' எண்டு ஒரு போர்டு நிக்கும், அவ்வளவுதான்."

அன்று வந்திருந்த நண்பர் ஒருவர், "அப்ப சிங்கத்திட்ட டோல் கட்டத் தேவையில்லையோ, மச்சான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஊரில் சோதனைச் சாவடிகளில் மணிக்கணக்காக நின்று பழகிய நாங்கள், அமெரிக்காவுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, கோடு என்றால் கடப்பதற்கு என்று எண்ணத் தொடங்கியிருந்தோம்.

செரெங்கெட்டியின் வடக்கே ஒரு விடுதியில் வெள்ளிக்கிழமை சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று. அத்தான் பாடசாலையின் லாண்ட் ரோவரை எடுத்துவருவார். திங்கட்கிழமை காலை அது பாடசாலையில் நிற்க வேண்டும்.

நைரோபியில் ஓட்டுநரோடு ஒரு வேனை அமர்த்திக்கொண்டு மாராவுக்குப் போனோம். இரண்டு நாட்கள் விலங்குகளைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். உண்மையில் கணவர் பார்த்தார். கூரையைத் திறந்து நின்று அவர் படமெடுக்கும்போதெல்லாம் என் கண்கள் தெற்கேதான் இருந்தன. வெள்ளிக்கிழமை காலையில், வாடகைக் காரைத் திருப்புவதுபோல, "இனி செரெங்கெட்டிக்கு விடும்" என்று அவர் ஓட்டுநரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஓட்டுநர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

அந்த வழியே பயணிகள் எல்லையைக் கடக்க முடியாது. பல ஆண்டுகளாகவே அந்தப் பாதை மூடப்பட்டிருந்தது. கென்ய வண்டி அப்பால் போகவும் கூடாது. நைரோபிக்குத் திரும்பி, நமாங்கா என்ற ஊரில் எல்லையைக் கடந்து, அங்கே தன்சானிய வண்டி பிடித்து, அருஷா, ங்கோரோங்கோரோ என்று பெரிய வட்டமடித்துத்தான் செரெங்கெட்டிக்குள் நுழைய முடியும். இரண்டு முழு நாட்கள்.

கணவர் நம்பவில்லை. கடைசிக் காவல் நிலையம் வரை வண்டியை விடச் செய்தார். அங்கிருந்த அலுவலர் மரியாதையாக அதையே திருப்பிச் சொன்னார். எங்கள் கண்ணெதிரே காட்டு மாடுகள் நூற்றுக்கணக்கில், தலையைத் தாழ்த்தியபடி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன.

"உங்கட வெல்கம் போர்டு எங்கயப்பா?" என்றேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அவர் படக்கருவியை உறைக்குள் வைத்து மூடினார். பிறகு ஓட்டுநரிடம், "நைரோபிக்குப் போவோம், எங்கும் நிற்க வேண்டாம்" என்றார்.

வழியில் எங்கள் விடுதியில் மட்டும் நிறுத்தி, வானொலித் தொடர்பு வைத்திருந்தவரைக் கெஞ்சினோம். அவர் நைரோபிக்குச் சொல்வார். அங்கிருந்து யாராவது அருஷாவுக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். அருஷாவிலிருந்து பூங்காவுக்கு மறுபடி வானொலி. "சுற்றி வருகிறோம். போய்விடாதே." இவ்வளவுதான் செய்தி. அது போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய வழியில்லை.

அந்த இரண்டு நாட்களில் நான் உட்கார்ந்திருந்தேன் என்றாலும் ஒரு கணமும் நிலையாக இருந்ததாக நினைவில்லை. ஓட்டுநரின் தோள்மேல் எட்டிப் பார்த்து வேகமானியைக் கவனித்தேன். நமாங்காவில் எங்களுக்கு முன்னே நின்றவர்களின் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, நானே போய் மூடிக்கொடுக்கலாமா என்று கைகள் துடித்தன. ங்கோரோங்கோரோவின் விளிம்பில் மூடுபனி விலகி, அந்த எரிமலைப் பெரும்பள்ளம் முழுவதும் ஒரு நிமிடம் தெரிந்தது. உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் அதைக் காண வருகிறார்கள். புதிய ஓட்டுநர் வழக்கப்படி வேகத்தைக் குறைத்தார். "வேண்டாம், போங்கள்" என்று சொன்னவர் என் கணவர். வாழ்க்கையில் ஒரு காட்சிமுனையையும் தவறவிடாத மனிதர்! அப்போது அவர்மேல் எனக்கிருந்த கோபம் கரைந்தது. ஆனால் பதற்றம் கரையவில்லை.

செரெங்கெட்டியின் நுழைவாயிலை நாங்கள் அடைந்தபோது ஞாயிற்றுக்கிழமை நண்பகல் கடந்திருந்தது. எங்களுக்குச் செய்தி ஏதும் இல்லை என்றார்கள். அந்நேரம் அக்கா மேற்கு நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதபடி சட்டைக்கையை இழுத்துவிட்டார்.

சமவெளிக்குள் வெகுதூரம் போன பிறகு பாதையில் மூன்று நான்கு வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன. அருகே போனதும் தெரிந்தது. பாதையோரத்தில் ஒரு சிங்கக்கூட்டம், தின்று முடித்த இரையைச் சுற்றிப் படுத்திருந்தது. இரண்டு பெண்சிங்கங்கள் பாதையின் நடுவிலேயே நீட்டி நிமிர்ந்து கிடந்தன. எங்கள் வண்டியும் நின்றது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டேயிருந்தார்கள்.

அப்போதுதான், சிங்கங்களுக்கு அப்பால் நின்ற பழைய லாண்ட் ரோவரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எவ்வளவு நேரத்துக்குத்தான் இந்தச் சிங்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறது? உவங்களை வழியை விடச் சொல்லுங்கோவனப்பா! என்ர தங்கச்சி அங்கால தேடிக்கொண்டு நிப்பாள்!"

நான் இருக்கைமேல் ஏறிக் கூரை வழியே தலையை நீட்டி, "அக்கா!" என்று கத்தினேன். ஒரு சிங்கம் தலையைத் தூக்கியது. ஓட்டுநர் என்னை உட்காரச் சொல்லிப் பதறினார்.

"எடியே! நீயோ? இறங்காத! இறங்கிப்போடாத, சிங்கமடி!" என்று கூவியபடியே அக்கா தன் பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"நீர் முதல் கதவைச் சாத்தும்!" என்று அத்தான் அவருடைய சேலைத் தலைப்பைப் பற்றி இழுப்பது தெரிந்தது.

செய்தி அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பாதி மட்டும்: நாங்கள் அருஷா வழியே வருகிறோம் என்பது. எப்போது வருவோம் என்று தெரியாது. விடுதியில் காத்திருக்கச் சொன்ன அத்தானிடம், "அவள் வரட்டும் எண்டு நான் கதிரையில குந்திக்கொண்டிருக்கவோ?" என்று சண்டை பிடித்து, மேற்கே போகவேண்டிய வண்டியைக் கிழக்கே திருப்பச் செய்திருக்கிறார் அக்கா.

எங்கள் ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் பாதையை விட்டு இறங்காமல், அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பெண்சிங்கங்கள் சலிப்போடு எழுந்து இரண்டடி தள்ளிப் படுத்தன. அத்தானும் எதிரிலிருந்து நகர்த்தினார். இரண்டு வண்டிகளும் உரசிக்கொள்ளும் அளவுக்குப் பக்கம் பக்கமாக வந்து நின்றன. கதவு திறக்க இடமில்லை. சன்னல்கள் இருந்தன.

அக்கா கைகளை நீட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவர் உடம்பிலும் பாதி வெளியே தொங்கியது.

"அப்பாவைக் கடைசியா ஒருக்காக்கூடப் பாக்கேல்லையேடி! நாங்கள் ரெண்டுபேரும் பாக்கேல்லையேடி!"

அதற்குமேல் என்ன சொன்னோம் என்று எனக்குத் தெரியாது. ஓராண்டாக என்னுள்ளே அடைத்துக் கிடந்தது எல்லாம் ஓலமாக வெளியே வந்தது. அத்தனை சத்தத்துக்கும் சிங்கங்கள் ஓடவில்லை; எழுந்து நின்று எங்களைப் பார்த்தன. மற்ற வண்டிகளில் இருந்தவர்கள் படக்கருவிகளைக் கீழே இறக்கினார்கள். எங்கள் ஓட்டுநர் மட்டும் முன்கண்ணாடி வழியே நேரே பார்த்தபடி, இயந்திரத்தை நிறுத்தாமல், அமைதியாக அமர்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. எவருடைய சாவுக்கு அழுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. சாவுக்குத்தான் அழுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நானும் அக்காவும் பிரியவில்லை. வண்டிகள் திரும்ப வேண்டுமே என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அக்கா அந்தச் சன்னல் வழியே எங்கள் வண்டிக்குள் வர முடிவு செய்தார். நாற்பதைக் கடந்த, கொஞ்சம் பருத்த உடம்பு. கணவர் இந்தப் பக்கம் இழுக்க, அத்தான் அந்தப் பக்கம் தள்ள, "மெதுவாப்பா, நான் என்ன கோதுமை மூட்டையே?" என்று அழுத கண்ணோடு அதட்டியபடி உள்ளே வந்து விழுந்தார். நான் சிரித்தேன். சாவுக்குப் பிறகு எனக்கு மனம்விட்டு வந்த முதல் சிரிப்பு அது.

அன்று எல்லோரும் நடுச் செரெங்கெட்டியில் ஒரே அறையில் தங்கினோம். திங்கட்கிழமை காலை, பாடசாலைக்கு ஒருநாளும் பிந்தாத அத்தான் பத்து மணிக்குப் பிறகே சாவியைக் கையில் எடுத்தார். நான் அமைதியாக நின்று கையசைத்தேன்.

இன்று பக்கத்து ஊர்களான ஐசலினிலோ எடிசனிலோ யாருக்கேனும் ஊரிலிருந்து மரணச் செய்தி வந்தால், நான் தொலைபேசியில் துக்கம் விசாரிப்பதில்லை. பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுக்கிறேன். "மாம், ஒரு கால் பண்ணினால் போதாதா?" என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். போதாது. தொலைவில் நிகழ்ந்த சாவின் செய்தி வந்த வீட்டில், பிடித்துக்கொண்டு அழ ஆளில்லாமல் ஒருவர் அறைக்கு அறை நடந்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவரை அப்படி நடக்கவிட்டு வீட்டில் இருக்க என்னால் இயலவில்லை.