பட்டனுக்கு ஒரு கோடு மருந்து

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று கால்நடை டாக்டரம்மா சொன்னபோது, என் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அது டீயே குடிக்காதே, டாக்டரம்மா?" என்பதுதான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நான்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் சர்க்கரை, பல வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிறவள். கட்டின புருஷன் இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதானா என்ற ஆத்திரம் அவளுக்கு.

எங்கள் அப்பா வழி ஆண்பிள்ளைகளே அப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. பெரியப்பா கண் மங்கின பிறகும் கண்ணாடி போடமாட்டேன் என்று நின்று, எதிர்வீட்டுக்காரர் மகளைத் தன் மகள் என்று நினைத்துத் தெருவில் வைத்துத் திட்டியவர். சித்தப்பா, மழை வராது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டும் வராது என்பார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிசைந்து செய்த பிள்ளை என் தம்பி.

அவன் தையல்கடையில் துணி வெட்டுகிற மாஸ்டர். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். நடுவில் நீள மேசை, ஒரு ஓரம் மெஷின், மூலையில் வெட்டுத் துண்டுகள் போடுகிற கூடை. நான் என் வீட்டுக்காரர் போன பிறகு இவர்களோடு வந்து பின்னறையில் இருக்கிறேன். அவன் கழுத்தில் அளவு டேப் எப்போதும் தொங்கும். ஆனால் தொங்குவதோடு சரி. ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான், மேசையில் துணியை விரிப்பான், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவான், கத்திரி போட்டுவிடுவான். சட்டை தோளில் கச்சிதமாக உட்காரும். அந்தக் கர்வம் அவனுக்கு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்.

முன்பெல்லாம் இவன் வெட்டுவான், கூட்டாளி ஒருவர் தைப்பார். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை, ஆனால் ஒருவரில்லாமல் இன்னொருவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கூட்டாளி ஒரு காலையில் மெஷின் மேலேயே சாய்ந்து போய்விட்டார். அதற்கப்புறம் தம்பி ஷட்டரை இழுத்து விட்டவன்தான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் சொல்லிப் பார்த்தேன், அவன் பெண்டாட்டி அழுது பார்த்தாள். வாடிக்கையாளர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் இந்தப் பூனை எங்கிருந்தோ பின்பக்கமாக நுழைந்து, துண்டுக்கூடையில் ஏறிப் படுத்துக்கொண்டது. முதுகில் வட்டமாகக் கறுப்புப் பொட்டு. அதை விரட்டத்தான் தம்பி எழுந்தான். எழுந்தவன் கூடையைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் போய் ஷட்டரைத் தூக்கினான், தைக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டான். பூனைக்குப் பட்டன் என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து பட்டன் மேசையில் உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கத்திரி ஓடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டன் இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, மேசையில் தாவ முடியாமல் பின்னங்கால் தரையில் படிய நடக்க ஆரம்பித்ததும், நாங்கள் இரண்டு பெண்களும் பயந்தது பூனைக்காக மட்டுமில்லை. பட்டன் போனால் அந்த ஷட்டர் மறுபடி இறங்கும். இந்தத் தடவை அதைத் தூக்க யார் வருவார்கள்?

டாக்டரம்மா நிதானமாகச் சொல்லித் தந்தாள். காலை மாலை சாப்பிட்டதும் ஊசி. ஆரம்பத்தில் ஊசிக்குழாயில் போட்டிருக்கிற கோடுகளில் ஒரே ஒரு கோடு மருந்து. காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தம்பி பெண்டாட்டி வீட்டில் வைத்திருக்கிற மிஷினிலேயே சர்க்கரை பார்க்கலாம். ஒரு பெட்டியை எடுத்துத் தம்பி கையில் வைத்தாள். சிவப்பு மூடி போட்ட ஊசிகள். "இந்த மருந்துக்கு இந்த ஊசிதான். மாத்திடாதீங்க" என்றாள்.

"சரிங்க" என்றான். அவன் 'சரி' சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து முதல் நாள் சர்க்கரை பார்த்த கூத்தைக் கேளுங்கள். நான் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். தம்பி பெண்டாட்டி வெந்நீரில் பிழிந்த துணியைக் காதில் ஒற்றினாள், ரத்தம் ஓடிவர. இவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, காது மடலைத் தன் விரலில் வைத்துக் குத்தினான். பட்டன் ஒரு துள்ளு துள்ளி மெஷினுக்கு அடியில் போய்விட்டது. என் கையில் மூன்று கீறல். ஆனால் சொட்டு ரத்தம் கிடைத்தது. மிஷினில் வைத்தான். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியாக்கா! ஒண்ணுமே இல்ல. ஊசி போடறதுக்கு முந்தியே குணமாயிடுச்சு!"

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. "காதைத் தாண்டி உங்க விரலைக் குத்திக்கிட்டு இருக்கீங்க. இது உங்க ரத்தம்!"

"அப்போ எனக்குச் சர்க்கரை இல்லியா?"

"உங்களுக்கு எங்க இருக்கும்? எல்லாத்தையும்தான் எங்களுக்குக் குடுத்துட்டீங்களே!"

மறுபடி பிடித்து, மறுபடி குத்தி, மறுபடி கீறல் வாங்கிப் பார்த்தபோது நானூறுக்கு மேல். தம்பி எழுந்து மருந்து பாட்டிலை எடுக்கப் போனான்.

மெல்ல மெல்ல அவனுக்குக் கை பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஊசியைக் கையில் பிடித்துப் பிழைத்தவனாயிற்றே. கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, சுருக்கென்று போட்டு எடுத்துவிடுவான். பட்டன் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாது. எனக்கே பெருமையாக இருந்தது. என் கண்ணெல்லாம் பூனையின் நகத்தில் இருந்ததே தவிர, அவன் கையில் இருந்த ஊசியின் மூடி என்ன நிறம் என்று யார் பார்த்தது?

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. நானூறு, முந்நூற்றுத் தொண்ணூறு, மறுபடி நானூறு. டாக்டரம்மாவிடம் ஃபோனில் சொன்னான். "தவறாம போடறீங்களா?" என்று கேட்டாள். "நான் போடறேன் டாக்டரம்மா, தவறுமா?" என்றான். கொஞ்ச நாள் பார்த்து, இரண்டு கோடு ஆக்கச் சொன்னாள். அதற்கும் மசியவில்லை. மூன்று கோடு ஆக்கச் சொன்னாள். பட்டன் இன்னும் இளைத்தது. தரையோடு தரையாக நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் புதுக் கோட்டுத் துணியில் மூத்திரம் பெய்து வைத்தது.

வீட்டில் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்து, "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, அது கத்துதேன்னு எங்களுக்குத் தெரியாம திங்க ஏதாவது போடறீங்களா?" என்றாள்.

"நான் போடறேனா? எனக்கே நீங்க போட்டாத்தான் உண்டு!" என்றேன். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். யாரும் கெஞ்சவில்லை. நானாகவே போய்ப் போட்டுச் சாப்பிட்டேன்.

தம்பி மேசைமுன் நின்றால் துணியை விரிப்பான், மடிப்பான், திரும்ப விரிப்பான். கத்திரியை எடுக்கமாட்டான். மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான். 

விஷயம் வெளியே வந்தது இப்படித்தான். அவள் ஒரு காலையில் தன் ஊசிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பாதி காலி. அவளுடையது ஆரஞ்சு மூடி ஊசி.

"என் ஊசியெல்லாம் எங்கங்க?"

"பட்டனுக்குப் போட்டேன்."

"அதுக்குத்தான் தனியா ஒரு பெட்டி குடுத்தாங்களே!"

"அந்தச் சிவப்பு மூடி தடி ஊசிம்மா. கம்பளி தைக்கற ஊசி மாதிரி. உன்னுது பட்டுத்துணிக்குப் போடற மாதிரி மெல்லிசு. அதுக்கு வலிக்காதுல்ல."

"எனக்கு ஊசி இல்லாம போனா நான் என்ன செய்யறது? உங்க தையல் ஊசியால போட்டுக்கவா?"

அவன் கழுத்து டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். அவள் கோபமெல்லாம் தன் ஊசியைக் கேட்காமல் எடுத்ததற்குத்தான். வேறெதுவும் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தன் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், கண் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் அவன் சிவப்பு மூடி ஊசியை எடுத்தான். மூன்று கோடு மருந்தை இழுத்தான், போட்டான்.

மத்தியானம் சர்க்கரை பார்க்கிற நேரம். பட்டன் கூடையில் சுருண்டிருந்தது. காதைக் குத்தியும் அசையவில்லை. மிஷினைப் பார்த்தவன் கத்தினான்.

"அக்கா! நாப்பது! இறங்கிடுச்சுக்கா! மருந்து வேலை செஞ்சிடுச்சு!"

நான் ஈரக்கையோடு ஓடிவந்தேன். அவன் பூனையைத் தூக்கி மேசையில் நிறுத்தினான், பழையபடி உட்காரும் என்று. நிற்கவில்லை. குடித்தவன் மாதிரி ஆடி, பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

"பட்டன். டேய் பட்டன்." என்று அவன் அதன் கன்னத்தைத் தட்டினான்.

அந்த நேரம் அவள் உள்ளே வந்தது எங்கள் நல்லகாலம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தனக்கே இரண்டு தடவை அப்படி ஆகி விழுந்தவள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"தேன்! அண்ணி, தேனைக் கொண்டாங்க! நாப்பதுன்னா சந்தோஷப்படற நம்பரா? செத்துப் போற நம்பர்ங்க அது!"

நான் தேன் பாட்டிலோடு ஓடினேன். மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திருகினேன். அவள் தேனை விரலில் தொட்டு, பூனையின் ஈறில் தேய்த்தாள். திரும்பத் தொட்டாள், திரும்பத் தேய்த்தாள். இவன் ஃபோனில் டாக்டரம்மாவிடம் அழுகிறானா பேசுகிறானா என்று தெரியாத குரலில் ஏதோ சொன்னான். அதற்குள் பட்டன் நாக்கை நீட்டி அவள் விரலை நக்கியது. அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம். ஷட்டர் திறந்தது திறந்தபடி.

அங்கே மருந்தேற்றி, பூனை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து முறைத்த பிறகுதான் டாக்டரம்மா உட்கார்ந்தாள். "எந்த ஊசியில போட்டீங்க?" என்று கேட்டாள். இவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆரஞ்சு, சிவப்பு, கம்பளி, பட்டு எல்லாம்.

டாக்டரம்மா இரண்டு வகை ஊசியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள்: பூனைக்குக் கொடுத்த மருந்து நீர்த்தது, உங்கள் வீட்டம்மாவின் மருந்து கெட்டி. கெட்டி மருந்துக்கான ஊசியில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். அதில் ஒரு கோடு இழுத்தால் பூனைக்குப் பாதிகூடப் போய்ச் சேராது. அதனால்தான் இத்தனை நாள் இறங்கவில்லை. நானும் ஏற்றிக்கொண்டே போனேன். இன்றைக்குச் சரியான ஊசியில் மூன்று கோடு போட்டதும் முழுசாக உள்ளே இறங்கிவிட்டது.

தம்பிக்கு அப்போதும் அப்பா வழி ரத்தம் அடங்கவில்லை. "கோடுன்னா கோடுதானே டாக்டரம்மா? இஞ்சு எந்த டேப்புல இருந்தாலும் இஞ்சுதானே?"

அவன் பெண்டாட்டி எழுந்தாள். அவன் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். ஒரு பக்கம் காட்டினாள். "இது பத்து." திருப்பி மறுபக்கம் காட்டினாள். "இதுவும் பத்து. ரெண்டும் ஒரே நீளமா? இஞ்சு ஒரு பக்கம், சென்டிமீட்டர் ஒரு பக்கம். வாழ்நாள் பூரா கழுத்துல மாட்டிட்டு அலையறீங்களே, ஒரு தடவையாவது திருப்பிப் பாத்திருக்கீங்களா?"

அவன் டேப்பை வாங்கிப் பார்த்தான். அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.  எங்கள் வம்சத்தில் ஒரு ஆண்பிள்ளை பதில் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி ஒரு கோட்டிலிருந்து ஆரம்பித்தோம். சிவப்பு மூடியில். சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பட்டன் நிமிர்ந்து நடந்தது.

இப்போது எங்கள் பாடு வேறு மாதிரி. மருந்தை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான். "ஒண்ணா?" என்று அவளிடம் கேட்கிறான். "ஒண்ணு." என்னிடம் வருகிறான். "அக்கா, ஒண்ணா?" "ஒண்ணுடா." திரும்ப அவளிடம் போகிறான். பூனை சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இது போதாதென்று, சட்டை தைக்க வருகிறவர்களையும் தோள், கை, கழுத்து என்று டேப் வைத்து அளக்கிறான், அளந்ததையே திரும்ப அளக்கிறான். "மாஸ்டர், முன்னாடி எல்லாம் பார்த்ததுமே வெட்டுவீங்களே" என்று ஒருத்தர் கேட்டார். "அது முன்னாடி" என்றான். நிற்கவைத்து நிற்கவைத்து அவருக்குக் கால் கடுத்துவிட்டது.

இன்று காலை அந்தக் கோட்டுக்காரர் வந்திருந்தார், பூனை நாசம் பண்ணின துணிக்குப் பதில் வாங்கின புதுத் துணிக்கு அளவு கொடுக்க. தம்பி அளந்து, விரித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, கத்திரியை எடுத்தான். மேசைக்குக் கீழே நின்ற பட்டன் மேலே பார்த்தது. பின்னங்காலை மடக்கியது. ஒரே தாவு. வந்து நின்றது சரியாக அந்தத் துணியின் நடுவில். இரண்டு சுற்று சுற்றி, வாலைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"மாஸ்டர், துணி!" என்று அவர் அலறினார்.

தம்பி கத்திரியைக் கீழே வைத்தான். ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினான்.

"உக்காருங்க. அது எந்திரிக்கட்டும்" என்றான்.